60 லட்சத்துக்கு எலெக்ட்ரிக் எஸ்யூவியா, எஸ்டேட் காரா? பெரம்பலூர் - அரியலூர் ரோடு என்ன சொல்லுது?

'எஸ்டேட் கார்' என்று சொன்னால் நம்ம ஊரில் முதலில் வரும் கேள்வி, "எந்த எஸ்டேட்? வால்பாறையா, மூணாறா?" என்பதுதான். தேயிலைத் தோட்டத்துக்கும் இந்தக் காருக்கும் சம்பந்தம் இல்லை. செடான் கார் ஒன்றை எடுத்து, அதன் கூரையை அப்படியே பின்பக்கம் வரை நீட்டி, டிக்கியை ஒரு சின்ன அறை மாதிரி பெரிதாக்கினால் அதுதான் எஸ்டேட். பிரிட்டனில் எஸ்டேட், அமெரிக்காவில் ஸ்டேஷன் வேகன், ஜெர்மனியில் கோம்பி. ஐரோப்பாவில் இரண்டு குழந்தைகள், ஒரு நாய், நாலு பெட்டி இருக்கும் குடும்பத்தின் கார் பல காலம் இதுவாகத்தான் இருந்தது.

இன்னொரு பக்கம் சொகுசு எலெக்ட்ரிக் எஸ்யூவி. இதற்கு அறிமுகம் தேவையில்லை. இன்ஸ்டாவைத் திறந்தாலே நாலு ரீல் வந்து விழும்.

இரண்டில் எது? ஐரோப்பிய, அமெரிக்க கார் சேனல்களில் பல வருடமாக ஓடும் பட்டிமன்றம் இது. அங்கே பேசுவதை அப்படியே எடுத்துக்கொண்டு பெரம்பலூரிலோ அரியலூரிலோ கார் வாங்கினால் கையைச் சுட்டுக்கொள்வோம். அவர்கள் சாலை வேறு, வரி வேறு, கரன்ட் வேறு. அதனால் இந்தக் கேள்வியை நம் இரண்டு மாவட்டங்களின் சாலையில் இறக்கி ஓட்டிப் பார்க்கலாம்.

பொறுமை இல்லாதவர்களுக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் குடும்பத்துக்குப் பொருத்தமான வடிவம் எஸ்டேட். நம்ம ஊர் தூரங்களுக்குப் பொருத்தமான இயந்திரம் எலெக்ட்ரிக். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த காரை இந்தியாவில் யாரும் நமக்கு விற்பதில்லை. அதனால் பதில், உங்கள் கார் ராத்திரி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஏன் என்று பார்ப்போம்.

யார் வாங்குறாங்க?

"பெரம்பலூர்ல 60 லட்சத்துக்குக் காரா?" என்று சிரிக்க வேண்டாம். டிஎன்-46, டிஎன்-61 நம்பர் போட்ட சொகுசு கார்களைத் திருச்சி பைபாஸில் அடிக்கடி பார்க்கலாம். டாக்டர்கள், கல்லூரி நடத்துபவர்கள், லாரி, கிரஷர் தொழில் செய்பவர்கள், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருபது வருடம் உழைத்துத் திரும்பிய குடும்பங்கள் இங்கே உண்டு. இந்த வீடுகளில் கார் பணத்தைக் கொடுப்பது அப்பாவாக இருக்கலாம். எந்தக் கார் என்று ஆராய்ச்சி பண்ணுவது சென்னையிலோ பெங்களூரிலோ ஐ.டி. வேலையில் இருக்கும் மகனும் மகளும்தான். இந்தக் கட்டுரை அவர்களுக்கு.

எஸ்டேட் கார் இந்தியாவுல கிடைக்குதா?

நேர்மையான பதில்: புதிதாக வாங்க, கோடிக்கணக்கில் விலையுள்ள அபூர்வங்களைத் தவிர, பெயர் சொல்லும்படி எதுவும் இல்லை.

முயற்சி நடக்காமல் இல்லை. 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது. 1999-ல் மாருதி பலேனோ ஆல்டுரா. ஓப்பல் கோர்சா ஸ்விங், ஃபியட் சியனா வீக்எண்ட், ஸ்கோடா ஆக்டேவியா கோம்பி, 2004-ல் டாடா இண்டிகோ மரீனா என வரிசையாக வந்தன. எதுவும் நிலைக்கவில்லை. பார்த்தவர்கள் 'ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கு' என்று சொல்லியே பாதி கார்களை ஒழித்துக்கட்டினார்கள்.

பிரீமியம் வரிசையில் இரண்டு கார்கள் முக்கியம். 2017 ஜூலையில் வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி, சுமார் 60 லட்சம் ரூபாய்க்கு வந்தது. 2018-ல் மெர்சிடிஸ் பென்ஸ் இ-கிளாஸ் ஆல்-டெரைன், 75 லட்சத்துக்கு வந்தது. இரண்டும் டீசல். இரண்டும் நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுப்பவை. இரண்டுமே இப்போது ஷோரூமில் இல்லை.

ஆக, இன்று உங்கள் முன்னால் இருக்கும் உண்மையான தேர்வு இதுதான்: ஒரு புது எலெக்ட்ரிக் எஸ்யூவி, அல்லது ஒரு செகண்ட் ஹேண்ட் டீசல் எஸ்டேட். கேட்டதுமே "புதுசுதான்" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

வரிதான் இங்கே பெரிய ஹீரோ

2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. மாறியது. நாலு மீட்டரைத் தாண்டிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம். செடானா, எஸ்டேட்டா, எஸ்யூவியா என்ற வித்தியாசம் கிடையாது. அதற்கு முன்பு பெரிய செடானுக்கு 48, எஸ்யூவிக்கு 50 சதவீதம் என்று தனித்தனிக் கணக்கு இருந்தது. எலெக்ட்ரிக் காருக்கு 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம்தான். அதில் மாற்றமில்லை.

அடுத்து சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்தைத் தாண்டிய காருக்கு ஆயுள் வரி விலையில் 20 சதவீதம். எலெக்ட்ரிக் காருக்கோ, மாநில மின்வாகனக் கொள்கை 2023-ன்படி 2025 டிசம்பர் 31 வரை முழு விலக்கு கொடுக்கப்பட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு பதிவு செய்வதாக இருந்தால், அன்றைய நிலை என்ன என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு புக்கிங் போடுங்கள். ஷோரூம்காரர் வாயால் சொல்வது போதாது.

இப்போது ஒரு சின்ன கணக்கு. ஷோரூம் விலை 60 லட்சம் என்று இரண்டு கார்கள். ஒன்று டீசல், ஒன்று எலெக்ட்ரிக்.

டீசல் காரின் 60 லட்சத்தில் சுமார் 17 லட்சம் ஜி.எஸ்.டி. அதாவது வரியை எடுத்துவிட்டால் நீங்கள் வாங்குவது சுமார் 43 லட்ச ரூபாய் கார். அதற்கு மேல் சாலை வரி 12 லட்சம். இன்ஷூரன்ஸ் சேர்ப்பதற்கு முன்பே 72 லட்சம் ஆகிவிட்டது.

எலெக்ட்ரிக் காரின் 60 லட்சத்தில் ஜி.எஸ்.டி. மூன்று லட்சத்துக்கும் குறைவு. உங்களுக்குக் கிடைப்பது 57 லட்ச ரூபாய் கார். சாலை வரி விலக்கு இருந்தால் அது பூஜ்யம்.

12 லட்சம் குறைவாகக் கொடுத்து, 14 லட்சம் அதிக மதிப்புள்ள காரை வாங்குகிறீர்கள். இதற்கு முன்னால் புது டீசல் சொகுசு கார் நிற்கவே முடியாது. எஸ்டேட்டை முழுதாக இறக்குமதி செய்தால் கதை இன்னும் மோசம். 40,000 டாலருக்கு மேல் விலையுள்ள காருக்குச் சுங்கம் மட்டுமே மொத்தம் 110 சதவீதம். நூறு, இருநூறு பேர் வாங்கும் காருக்காக இங்கே அசெம்பிளி லைன் போடவும் கம்பெனிகளுக்கு மனசு வராது. எஸ்டேட் ஏன் திரும்ப வரவில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

வருமான வரியிலும் சலுகை இருக்கு என்று யாராவது சொன்னால் கவனம். எலெக்ட்ரிக் கார் கடன் வட்டிக்கு 1.5 லட்சம் வரை கழிவு கொடுத்த 80இஇபி பிரிவு, 2023 மார்ச் 31-க்குள் அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டும்தான். இப்போது வாங்குபவருக்கு அது இல்லை.

'டீசல் காசு மிச்சம்' என்பது எவ்வளவு உண்மை?

எல்லோரும் சொல்லும் காரணம் இதுதான். இதையும் கணக்குப் போட்டுவிடலாம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

டீசல் எஸ்டேட் லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்தால் 83 லிட்டர். லிட்டர் சுமார் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் கிட்டத்தட்ட 7,700 ரூபாய்.

எலெக்ட்ரிக் எஸ்யூவி ஒரு யூனிட்டுக்கு 6 கி.மீ. ஓடினால், சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து 185 யூனிட். இங்கே பலர் ஒரு விஷயத்தை மறக்கிறார்கள். நம் வீட்டு மின் கட்டணம் ஸ்லாப் முறை. ஏற்கெனவே ஏ.சி., ஃபிரிட்ஜ், மோட்டார் ஓடும் வீட்டில் காரையும் சேர்த்தால், காரின் யூனிட்டுகள் மேல் ஸ்லாபில்தான் போய் உட்காரும். உச்ச ஸ்லாபான 11.80 ரூபாயை வைத்தே கணக்குப் போட்டாலும் மாதம் சுமார் 2,200 ரூபாய்.

மிச்சம் மாதம் 5,500. வருடத்துக்கு 66,000. நல்ல காசுதான். ஆனால் மேலே பார்த்த சாலை வரி 12 லட்சத்தோடு ஒப்பிடுங்கள். அந்த ஒரு விலக்குக்கு ஈடாக, டீசலில் மிச்சம் பிடிக்க 18 வருடம் ஆகும். சொகுசு எலெக்ட்ரிக் காரில் நிஜமான லாபம் வாங்கும் நாளில் கிடைக்கிறது, பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது உபரி. ஆகவே "டெய்லி ரன்னிங் அதிகம், அதனால எலெக்ட்ரிக்" என்று மட்டும் சொல்லி அப்பாவை கன்வின்ஸ் பண்ணாதீர்கள். வரிக் கணக்கைக் காட்டுங்கள்.

ரோடு எப்படி?

பெரம்பலூர் நல்ல இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சென்னை - திருச்சி நாலு வழிச்சாலை ஊரை ஒட்டியே போகிறது. திருச்சி சுமார் 60 கி.மீ. அரியலூர் 30 கி.மீ. சிறுவாச்சூர் கோயிலுக்குப் பத்து நிமிடத்தில் போய்விடலாம். இந்த மாவட்டங்களில் ஒரு குடும்பம் ஓட்டும் தூரங்களைப் பட்டியல் போட்டால் பெரும்பாலும் போய் வர 150 கி.மீட்டருக்குள் முடிந்துவிடும். திருச்சி ஏர்போர்ட்டில் ஆளை இறக்கிவிட்டு வருவது, ஜெயங்கொண்டத்தில் கல்யாணம், கங்கைகொண்ட சோழபுரம் ட்ரிப், தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி. எந்த எலெக்ட்ரிக் காருக்கும் இது வியர்க்காத தூரம்.

நாலு வழிச்சாலையை விட்டு உள்ளே திரும்பினால்தான் வேறு உலகம். அரியலூர் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலாக இருந்த நிலம். அதனால்தான் சுண்ணாம்புக்கல், அதனால்தான் சிமென்ட் ஆலைகள், அதனால்தான் லாரிகள். அரியலூர், செந்துறை, கீழப்பழுவூர் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் போன எவருக்கும் தெரியும்: ஓரம் உடைந்த தார், வெள்ளைத் தூசி, ஊருக்கு ஊர் பெயின்ட் அழிந்த வேகத்தடை.

இங்கே எஸ்யூவிதான் சரி என்று தோன்றும். ஸ்பெக் ஷீட்டைப் பாருங்கள். வி90 கிராஸ் கன்ட்ரியின் அடிப்பகுதி தரையிலிருந்து 210 மி.மீ. உயரம். எஸ்யூவி வரிசையில் வைத்துப் பேசப்படும் ஹூண்டாய் ஐயானிக் 5-ன் உயரம் 163 மி.மீ. பேருக்கு எஸ்யூவி, வேகத்தடையில் எஸ்டேட் ஜெயிக்கிறது! எலெக்ட்ரிக் காரில் தரைக்கு மேல் முதலில் இருப்பது பேட்டரி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடியில் தட்டுவது வேறு காரில் ஒரு சத்தம், இங்கே ஒரு கவலை. பேட்டரிக்குப் பாதுகாப்புத் தகடு இருந்தாலும், பிரவுச்சரில் 'எஸ்யூவி' என்ற வார்த்தையைப் பார்க்காமல் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்ற வரியைப் பாருங்கள்.

இன்னொரு தலைவலி டயர். சொகுசு எலெக்ட்ரிக் கார்கள் இரண்டு டன்னைச் சாதாரணமாகத் தாண்டும். 19, 20 இன்ச் வீல், மெல்லிய பக்கச்சுவர் டயர். பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சர் கிட்தான். பெரம்பலூர் மாவட்டத்தில் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலையே இருக்கிறது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு உடைந்த தார் ஓரத்தில் உங்கள் டயரின் பக்கச்சுவர் கிழிந்தால், அந்த அளவு டயர் பக்கத்துக் கடையில் இருக்கும் என்று நம்ப முடியாது. கார் வாங்கும்போது மேல் வேரியன்ட்டின் பெரிய வீலுக்கு ஆசைப்படாமல் சின்ன வீல் ஆப்ஷன் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு ஸ்பேர் டயரை வாங்கி வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

டிக்கியும் முழங்காலும்

நம் குடும்பங்கள் காரில் என்ன ஏற்றுகின்றன? சீர்வரிசைத் தட்டு, சிங்கப்பூரிலிருந்து வந்த 30 கிலோ பெட்டி நாலு, ஊரிலிருந்து சென்னைக்குப் போகும்போது அரிசி மூட்டை, ஒரு மூட்டை சின்ன வெங்காயம். பெரம்பலூர்க்காரர் சென்னைக்குச் சின்ன வெங்காயம் இல்லாமல் போனால் சொந்தக்காரர்கள் கேட்பார்கள்.

ஆல்-டெரைனின் டிக்கி 640 லிட்டர். பின் இருக்கையை மடித்தால் 1,820. வி90-ல் 560 லிட்டர், மடித்தால் 1,526. பி.எம்.டபிள்யூ. ஐஎக்ஸ்1-ல் 490. வால்வோ எக்ஸ்.சி.40 ரீசார்ஜில் சுமார் 420. எண்ணைவிட முக்கியம், எஸ்டேட்டின் டிக்கி தாழ்வாகவும் நீளமாகவும் இருக்கும். மூட்டையை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்க வேண்டியதில்லை, தள்ளினால் உள்ளே போய்விடும்.

எஸ்யூவி பக்கம் ஒரு நியாயமான வாதம் உண்டு. முழங்கால் வலி உள்ள பாட்டிக்கு, குனிந்து இறங்கும் காரைவிட, அப்படியே உட்காரும் உயரத்தில் இருக்கை உள்ள கார் வசதி. உண்மை. ரொம்ப உயரமான எஸ்யூவியில் புடவையோடு ஏறுவதும் கஷ்டம் என்பதும் உண்மை. தரையைவிட உயர்த்திக் கட்டிய வி90 மாதிரி எஸ்டேட்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் இங்கேயும் தப்பித்துக்கொள்கின்றன. எதுவானாலும் டெஸ்ட் டிரைவுக்கு வீட்டுப் பெரியவரைக் கூட்டிப் போங்கள். அவர் இரண்டு முறை ஏறி இறங்கினால் போதும், யூடியூப் ரிவ்யூ சொல்லாததைச் சொல்லிவிடுவார்.

உயரத்துக்கு நாம் கொடுக்கும் விலை

இந்தப் பட்டிமன்றத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் ஆடி கம்பெனியிடமிருந்து வருகிறது. 2024-ல் ஆடி இரண்டு எலெக்ட்ரிக் கார்களை வெளியிட்டது. ஒன்று க்யூ6 இ-ட்ரான் எஸ்யூவி. இன்னொன்று ஏ6 இ-ட்ரான் அவாந்த், அதாவது எஸ்டேட். அடித்தளம் ஒன்று. 100 யூனிட் பேட்டரியும் ஒன்று. ஐரோப்பிய சோதனையில் எஸ்யூவி அதிகபட்சம் சுமார் 640 கி.மீ., எஸ்டேட் சுமார் 720 கி.மீ.

அந்த 80 கி.மீ. எங்கே போனது? காற்றில். உயரமான முகம் காற்றை அதிகம் தள்ள வேண்டியிருக்கிறது. டீசல் காரில் இது அரை லிட்டர், ஒரு லிட்டர் விவகாரம், யாரும் கவனிப்பதில்லை. எலெக்ட்ரிக் காரில் அது நேரடியாக உங்கள் பயண தூரத்தில் கை வைக்கிறது. 80 கி.மீ. என்பது பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குப் போய், திரும்பும் வழியில் இன்னும் 20 கி.மீ. வரும் தூரம். உயரமாக உட்கார்ந்து கெத்தாகப் பார்ப்பதற்கு ஒவ்வொரு சார்ஜிலும் நாம் கட்டும் வாடகை அது.

எலெக்ட்ரிக் யுகத்தில் எஸ்டேட்தான் புத்திசாலி வடிவம் என்பது என் கருத்து. பி.எம்.டபிள்யூ. ஐ5 டூரிங், இந்த ஆடி அவாந்த் எல்லாம் ஐரோப்பாவில் ஓடுகின்றன. இங்கே வரவில்லை. நாம் கேட்காததால் அவர்கள் தருவதில்லை, அவர்கள் தராததால் நாம் கேட்பதில்லை. 'ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கு' என்ற கிண்டலுக்கு இன்றும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கார் ராத்திரி எங்கே தூங்குது?

இப்போது முடிவைத் தீர்மானிக்கும் கேள்விக்கு வந்துவிட்டோம்.

சொந்த வீடு, போர்ட்டிகோ, த்ரீ ஃபேஸ் இணைப்பு இருந்தால் எலெக்ட்ரிக் கார் சொர்க்கம். 7.4 கிலோவாட் சார்ஜரில் ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டால் 72 யூனிட் பேட்டரி காலைக்குள் ஃபுல். மாதாந்திரப் பராமரிப்புக்கான பகல் மின்தடை உங்களைத் தொடாது. சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் ஒரு நாள் முழுக்க ஆகும் என்பதால் மின்வாரியத்தில் லோடு கூட்ட விண்ணப்பிக்கும் வேலையைக் கார் டெலிவரிக்கு முன்பே முடித்துவிடுங்கள். கிராமத்துக் கடைசி வீடு, டிரான்ஸ்ஃபார்மர் தூரம், மாலையில் லோ வோல்டேஜ் என்றால் முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வோல்டேஜும் எர்த்திங்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

தோட்டத்தில் வீடு இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "மோட்டார் கொட்டகையில ஃப்ரீ கரன்ட் இருக்கே, அதுல போட்டா என்ன?" என்ற யோசனை கண்டிப்பாக யாராவது கொடுப்பார்கள். கூடாது. அது பாசனத்துக்கு மட்டுமான இணைப்பு. அதில் கார் சார்ஜ் செய்தால் மின்சார முறைகேடு. 60 லட்ச ரூபாய் காரை இலவச மின்சாரத்தில் ஓட்டுவது சட்டத்தை விடுங்கள், பார்க்கவும் நன்றாக இருக்காது.

மாடியில் சோலார் போட இடமிருந்தால் இன்னும் நல்லது. பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம். நம் வெயிலில் அது நாளுக்கு 12 யூனிட் அளவுக்குக் கொடுக்கும். மாதம் 1,000 கி.மீ. ஓட்டத் தேவையான 185 யூனிட் அதில் பாதிதான். ஐயானிக் 5 போன்ற சில கார்களில் காரிலிருந்தே கரன்ட் எடுக்கும் வசதி உண்டு. கரன்ட் போன ராத்திரியில் ஃபேனும் ஃபிரிட்ஜும் காரில் ஓடும். இன்வெர்ட்டர் காசு மிச்சம்.

வாடகை வீடு, அபார்ட்மென்ட், தெருவில் பார்க்கிங் என்றால் கதையே வேறு. வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 20 ரூபாய் என்று வைத்தாலே செலவு வீட்டைவிட இரண்டு மடங்கு பக்கம் போகும். சார்ஜர்கள் நாலு வழிச்சாலையை ஒட்டித்தான் வருகின்றன. செந்துறை, திருமானூர், வேப்பந்தட்டை பக்கம் இருப்பவர்கள், கார் வாங்கும் முன்பே சார்ஜிங் ஆப்பைத் திறந்து தங்கள் ஊரைச் சுற்றி 30 கி.மீட்டரில் என்ன இருக்கிறது, அதில் எது வேலை செய்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

சென்னைப் பயணம் அடுத்த சோதனை. பெரம்பலூரிலிருந்து சுமார் 270 கி.மீ., அரியலூரிலிருந்து சுமார் 300. கம்பெனி சொல்லும் 631, 531 எல்லாம் இந்தியச் சோதனை எண்கள். நூறு கிலோமீட்டர் வேகம், ஏ.சி., அஞ்சு பேர், மே மாத வெயில் என்றால் அதில் 60-65 சதவீதம்தான் கையில் நிற்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். 631 சொல்லும் காரில் 400 கி.மீ. அளவு. ஒருவழி தாராளம், திரும்ப சென்னையில் சார்ஜ் போட இடம் வேண்டும். வாரா வாரம் போய் வருபவருக்கு இது பழகிவிடும். திடீரென்று ராத்திரி இரண்டு மணிக்குச் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நிலை உள்ள குடும்பத்துக்கு, வீட்டில் இன்னொரு பெட்ரோல் கார் இருந்தால் நிம்மதி.

அப்போ செகண்ட் ஹேண்ட் எஸ்டேட்?

இதில் இரண்டு பெரிய பிளஸ். முதலாவது, மதிப்பு இறக்கத்தை முதல் ஓனர் ஏற்கெனவே அனுபவித்துவிட்டார். எலெக்ட்ரிக்கில் அந்த அடி இனிமேல்தான் விழும், அதுவும் பலமாக. ஒரு உதாரணம்: 2023 செப்டம்பரில் பி.எம்.டபிள்யூ. ஐஎக்ஸ்1 இறக்குமதியாகி 66.9 லட்சத்துக்கு வந்தது. 2025 ஜனவரியில் சென்னை ஆலையில் அசெம்பிள் செய்த, நீளம் கூடிய ஐஎக்ஸ்1 49 லட்சத்துக்கு வந்தது. முதலாவதில் இரண்டு மோட்டார், இரண்டாவதில் ஒன்று, ஆகவே அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் முதல் காரை வாங்கியவர் அதை விற்கப் போனால் எதிரில் இருப்பவர் எந்த எண்ணைச் சொல்லிப் பேரம் பேசுவார் என்று யோசியுங்கள். பேட்டரிக்கு 8 வருடம், 1.6 லட்சம் கி.மீ. வாரன்டி என்பது பல கம்பெனிகளில் வழக்கம். அது பேட்டரியைக் காப்பாற்றும், ரீசேல் விலையைக் காப்பாற்றாது.

இரண்டாவது பிளஸ், டீசல் எங்கும் கிடைக்கும். ஆல்-டெரைன் மாதிரி பி.எஸ்.6 டீசலுக்குத் தேவையான யூரியா கரைசலும் லாரி ஓடும் அரியலூர் சாலையின் பங்க்குகளில் பிரச்னையில்லை.

மைனஸ்களும் உண்டு. விற்ற எண்ணிக்கையே குறைவு என்பதால் நல்ல வண்டி மும்பையிலோ டெல்லியிலோ பெங்களூரிலோதான் மாட்டும். அங்கே என்.ஓ.சி. வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். இதைப் பேரத்துக்கு முன்பே கணக்கில் சேருங்கள். நவீன டீசலில் புகை வடிகட்டி உண்டு. வீட்டிலிருந்து ஸ்கூல், ஸ்கூலிலிருந்து மார்க்கெட் என்று தினமும் நாலு கி.மீ. மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியென்றால் அதைத் தனியாகப் பரிசோதிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சர்வீஸ் இரண்டு தரப்புக்கும் பொதுவான பிரச்னை. இந்த இரண்டு மாவட்டங்களிலும் சொகுசு பிராண்டுகளின் சர்வீஸ் சென்டர் கிடையாது. திருச்சியில் உங்கள் பிராண்டுக்கு இருக்கிறதா, இல்லையென்றால் சென்னையா கோவையா என்று கேளுங்கள். எலெக்ட்ரிக் கார் நடுவழியில் நின்றால் சக்கரம் உருளக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, பிளாட்பெட் வண்டியில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும். அந்த வண்டி பெரம்பலூர் வர எத்தனை மணி நேரம் ஆகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

60 லட்சம் இல்லையே பாஸ்?

நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இல்லை, எனக்கும் இல்லை. இதே கணக்கு 20 லட்சத்திலும் அப்படியே வேலை செய்யும். 2025 ஜனவரியில் வந்த, சென்னைக்குப் பக்கத்தில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக், 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் திறந்த வின்ஃபாஸ்ட் ஆலையின் கார்கள் எல்லாம் இந்தப் பக்கம் வருகின்றன. ஜி.எஸ்.டி. வித்தியாசம், சாலை வரி, த்ரீ ஃபேஸ், கிரவுண்ட் கிளியரன்ஸ், சர்வீஸ் தூரம். கேள்விகள் அதே ஐந்துதான்.

என் தீர்ப்பு

சொந்த வீட்டில் சார்ஜ் போட முடியும், ஓட்டத்தில் பெரும்பகுதி திருச்சி, தஞ்சாவூர், அரியலூர் வட்டத்துக்குள், வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது: எலெக்ட்ரிக் எஸ்யூவி வாங்குங்கள். அதிலும் உயரம் குறைந்த, வீல் சின்ன, டிக்கி பெரிய மாடலாகப் பாருங்கள். எஸ்டேட்டுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

சார்ஜ் போட இடமில்லை, வீட்டுக்கு ஒரே கார், மாதம் நாலு முறை சென்னை, குடும்பம் பெரிது, பொறுமையாகத் தேட நேரமிருக்கிறது: நன்றாகப் பராமரித்த ஒரு வி90-ஐயோ ஆல்-டெரைனையோ தேடுங்கள். தெருவில் நாலு பேர் "என்னப்பா இது, வேனா?" என்று கேட்பார்கள். டிக்கியைத் திறந்து காட்டுங்கள்.

இரண்டு பட்டியலிலும் பாதிப் பாதி நிற்பவர்கள் அவசரப்பட வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் காரையே இன்னும் இரண்டு வருடம் ஓட்டுங்கள். எலெக்ட்ரிக் கார்களின் விலை போகும் திசையை ஐஎக்ஸ்1 காட்டிவிட்டது. அதற்குள் செய்ய வேண்டிய ஒரே வேலை, மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் உங்கள் வீட்டு இணைப்பின் லோடு எவ்வளவு என்று கேட்டு வருவது. எந்த ஷோரூமுக்குள்ளும் நுழைவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய நம்பர் அதுதான்.